பச்சை முடிக் கூட்டாளிகள்

ஜனவரி 18

என் செல்லத் தங்கை சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல என்னோடு சண்டையில் இருக்கிறது. நீ, உன் வீட்டுக்காரர், பூனைக்குட்டி மூவரும் சுகம்தானே? உன் மகளுக்கு வயது பத்தொன்பது ஆனாலும் எனக்கு அவள் பூனைக்குட்டிதான், கோபிக்க வேண்டாம் என்று சொல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அப்படித் தப்ப முடியாது. அது மேசையில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மா வேலை பார்த்த, ஓய்வு பெற்ற பிறகும் போய்வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். குழந்தைகள் வார்டின் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, அம்மா செய்த பொம்மைகளை அதில் அடுக்கப் போகிறார்கள். ஜூன் 27, அம்மா போய் ஒரு வருடம் ஆகும் நாளில் திறப்பு. குடும்பத்தில் ஒருவர் பேச வேண்டுமாம். பெரிய டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி தலைமை ஆசிரியையாமே, அவங்க பேசுவாங்களா?" என்றார். "அவளும் வருவா. ஆனா பேசப்போறது நான்" என்றேன். அஞ்சாம் வகுப்பு படித்தவள் அஞ்சு நிமிஷம் பேசினால் கூரை இடிந்து விழாது.

அவர் புதிதாக வந்தவர். ஒரு பொம்மையைக்கூடப் பார்த்ததில்லை. நான்தான் விளக்கினேன். துணி அறையில் கிழிந்து கழித்த படுக்கை விரிப்புதான் உடம்பு. பழைய ஆபரேஷன் உடுப்பைப் பிரித்த பச்சை நூல்தான் முடி, அதனால் எல்லாப் பொம்மைக்கும் பச்சை முடி. பிள்ளைக்கு என்னவோ அதுவே பொம்மைக்கும்: காலில் மாவுக்கட்டு என்றால் பொம்மைக்கும் மாவுக்கட்டு, மொட்டை என்றால் மொட்டை. வீட்டுக்குப் போகிற நாளில் பிள்ளையே அந்தக் கட்டைப் பட்டன் கழற்றி எடுத்துவிடலாம். அம்மா அதைப் பொம்மை என்று சொல்லவே மாட்டாள், "கூட்டாளி" என்பாள். டாக்டரம்மா குறிப்பு எடுக்கவே மறந்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து இதுவரை பதினாறு வாங்கிவிட்டேன். பூனைக்குட்டிக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது அம்மா ஒன்று செய்து எடுத்துக்கொண்டு உன் ஊருக்கு வண்டி ஏறினாளே, அதை அனுப்பு. சொந்தப் பேத்தியின் கூட்டாளிக்கு நடுத்தட்டு. ஜூனில் மூன்று பேரும் வாருங்கள்.

பதிலை எதிர்பார்த்து வாசலைப் பார்க்கும்
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரைப் பார்.

அலமாரிச் செய்தி மகிழ்ச்சி தந்தது. அம்மாவுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய மரியாதை. உனக்குச் சிரமம் வேண்டாம் என்று உரையை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பார்த்துப் படித்தால் போதும். தேர்வுக் காலம் என்பதால் வேலை நெட்டித் தள்ளுகிறது. ஜூனில் வர முடியுமா என்று இப்போது சொல்வதற்கில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன்
சிட்டு

மார்ச் 2

சிட்டுவுக்கு,

எல்லோரும் சுகம். என் பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வாயோடு வகுப்பில் முதலாவதாக வாசிக்கிறாளாம். எங்கிருந்து வந்த வாய் என்று உனக்குத் தெரியும்.

உன் உரை கிடைத்தது. "தாய்மையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம்" என்று உரக்கப் படித்தேன். உன் அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி அது? எனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். கோபிக்காதே. எழுத்து அழகுதான். ஆனால் அதற்குள் நம் அம்மாவைக் காணோம்.

நான் இப்படித்தான் பேசப் போகிறேன். அப்பா போனபோது நீ கைக்குழந்தை, எனக்குப் பத்து வயது. அம்மா துணி அறையில் தையல்காரியாகச் சேர்ந்தாள். கழித்த விரிப்பில் நமக்குப் பாவாடை தைப்பாள். எப்படித்தான் வெட்டினாலும் ஆஸ்பத்திரி முத்திரை ஓர் இடத்தில் வந்துவிடும். அதை உள்மடிப்பில் ஒளித்து வைப்பாள். நீ இரண்டாம் வகுப்பில் கரணம் அடித்து ஊருக்கே காட்டிவிட்டு வந்தாய். "இவ ஆஸ்பத்திரிச் சொத்து" என்று பிள்ளைகள் சிரித்தார்கள் என்று நீ அழ, அம்மா என்ன செய்தாள்? மறுநாளே அந்த முத்திரையைச் சுற்றி மஞ்சள் நூலில் இதழ் தைத்துச் சூரியகாந்தி ஆக்கிவிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள். அவள் மூளை அப்படி.

தப்பும் செய்வாள், அதையும் சொல்வேன். முதல் பொம்மையில் கை மாறிப்போயிற்று. பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்ததால் இடக்கைக் கட்டு பொம்மையின் வலக்கைக்குப் போய்விட்டது. அந்தப் பயல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இவன் வேற வார்டு" என்றான். அன்றிலிருந்து பிள்ளையின் முதுகுப் பக்கம் உட்கார்ந்துதான் அளவெடுப்பாள்.

அவள் கை உனக்கு வந்தது, வாய் எனக்கு வந்தது. அதனால் பேச்சை என்னிடம் விடு. பொம்மையை அனுப்பு. போன கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்போடு
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பேத்தியின் பல் செய்தி கேட்டுச் சிரித்தேன்.

சூரியகாந்தியை நான் மறந்தே போயிருந்தேன். நீ சொல்வதுதான் சரி, உன் வார்த்தையிலேயே பேசு. ஆனால் ஒன்றை நீ விட்டுவிட்டாய். அம்மா வேலைக்குப் போனதும் என்னைப் பார்த்துக்கொள்ள உன்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினாளே, அதையும் சொல்லப் போகிறாயா? யாரையும் கேட்காமலே எல்லோருக்கும் எது நல்லது என்று அம்மாவே முடிவு செய்வாள். அதுவும் அம்மாதான்.

பொம்மை வீட்டில் எங்கோ இருக்கும். வீடு மாறியபோது எந்தப் பெட்டியில் போனதோ தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

உன்
சிட்டு

ஏப்ரல் 10

சிட்டுவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

பள்ளிக்கூட விஷயம் கேட்டாய். சொல்லத்தான் போகிறேன். அம்மா என்னை நிறுத்தினாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் தினமும் வேலை முடிந்து வந்து, நோயாளிகளின் படுக்கையில் கிடந்த பழைய பத்திரிகையை என் முன்னே வைத்து, "எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படி, நான் தைச்சுக்கிட்டே கேக்கறேன்" என்பாள். கல்யாணம் ஆகிற வரை படித்தேன். அதனால்தான் இன்றைக்கும் என் கடிதத்தில் ஒரு தலைமை ஆசிரியையால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு குழந்தைகள் காப்பகத்தில் இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் பிள்ளைகளை வளர்த்தேன். என் முதல் பிள்ளை நீ. நல்லாத்தான் வளர்ந்திருக்கிறாய். எனக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.

இப்போது உன் விஷயம். நீ வீடு மாறியபோது வந்து எட்டு நாள் தங்கி மூட்டை கட்டியது யார்? நான். ஊசி நூல் வரை என் கையால் கட்டினேன். பச்சை முடிப் பொம்மை எதுவும் அந்த வீட்டில் இல்லை. அப்போதே உன்னைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இன்னொன்று. அம்மா உன் ஊருக்கு ஒரு வாரம் என்று சொல்லிப் போனவள், நாலாம் நாள் காலையில் வந்து நின்றாள். "ஏம்மா, அதுக்குள்ள?" என்றேன். "பிள்ளை நல்லாயிருக்கா. எனக்கு அங்க என்ன வேலை" என்றாள். அவள் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பொம்மை எங்கே, சிட்டு?

அக்கா

மே 16

சிட்டுவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலேயே கையை விரிக்கிறார். முப்பத்தொரு பொம்மை சேர்ந்துவிட்டது. நடுத்தட்டு காலியாக இருக்கிறது.

கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா

மே 24

அக்கா,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே.

பொம்மை என்னிடம் இல்லை. என் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பையிலிருந்து அதை எடுத்தாள். இரட்டைச் சடை, பூனைக்குட்டி போட்டுக்கொள்ளும் அதே கோடு போட்ட சட்டை, காதில் சின்னச் சின்ன முடிச்சுக் கம்மல். சட்டையை விலக்கிப் பார்த்தேன். நெஞ்சு நடுவே மேலிருந்து கீழ்வரை சிவப்பு நூலில் தையல்.

"இதை எப்படிம்மா கழட்டறது?"

"அது கழட்டறதில்லடி. போகாததைப் போகும்னு சொல்லி எப்படிக் கொடுக்கிறது?"

"ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் கழட்டற மாதிரி செஞ்சே. எம் பிள்ளைக்கு மட்டும் தைச்சுக் கொண்டு வந்திருக்கே. யாரைக் கேட்டுத் தைச்சே?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்க நிற்கவில்லை. நடைவழியில் காலால் அழுத்தித் திறக்கிற குப்பைத் தொட்டி இருந்தது. அதில் போட்டுவிட்டேன். மூடி டமால் என்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா கதவருகே நிற்கிறாள். "பிள்ளை எழுந்தா கஞ்சித் தண்ணி குடு, சூடு ஆறிடப் போகுது" என்றாள். அன்று மாலை வண்டிக்கே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் அக்கா. திட்டவே இல்லை. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் போன் பேசும்போதெல்லாம் "பிள்ளை எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "நல்லாயிருக்கா" என்று மட்டும் நான் சொன்னேன். கடைசி நாளில் நான் வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கேட்கிற நிலை இல்லை.

இதை வைத்துக்கொண்டு அந்த மேடைக்கு முன்னால் என்னால் எப்படி உட்கார முடியும்? என்னைக் கூப்பிடாதே.

சிட்டு

ஜூன் 1

என் சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் திட்டிவிடுகிறேன், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷமாக உன் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தது? ஆயிரம் பிள்ளைகளுக்குத் தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறவள் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? கடிதத்தில் காது திருக முடியாது, தப்பித்தாய். திட்டு முடிந்தது.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. உன் ஊரிலிருந்து வந்த பிறகு அம்மா மூன்று மாதம் ஊசியைத் தொடவில்லை. கண் மங்கலாக இருக்கிறது என்றாள். அப்புறம் ஒரு நாள் தானாகவே எடுத்தாள். ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. தழும்பு உள்ள பிள்ளை என்றால், முதலில் அந்தப் பிள்ளையைப் பெற்றவளைத் தேடிப் போவாள். "போடட்டுமா, வேணாமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் வெறும் நெஞ்சோடு பொம்மையைக் கொடுப்பாள். கூடவே ஓர் அட்டைத் துண்டில் சிவப்பு நூலைச் சுற்றி, ஊசியும் குத்திக் கொடுப்பாள். "உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப நீயே போட்டுக்கோ. வரலைன்னாலும் குத்தமில்ல" என்பாள்.

எனக்கு அதிசயமாக இருந்தது. "நீ யாரைம்மா கேட்டுச் செஞ்சிருக்கே? உனக்குத் தெரியாததா?" என்றேன்.

"எனக்கு எல்லாம் தெரியாதுன்னு ஒருத்தி சொல்லிக் குடுத்தா."

"யாரு?"

"ஒரு வாத்தியாரம்மா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், சிட்டு. வார்டில் படம் வரையச் சொல்லிக் கொடுக்க வருகிற டீச்சர் யாரோ என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். இப்போதுதானே தெரிகிறது.

சேர்த்து வைத்திருக்கிற முப்பத்தொன்றையும் நேற்று எடுத்து எண்ணினேன். ஒன்பது பொம்மை வெறும் நெஞ்சோடு, சிவப்பு நூல் அட்டையோடு இருக்கிறது. நாலு பொம்மையில் தையல் அம்மாவின் தையலே இல்லை, யாரோ தாய் பிற்பாடு தானே போட்டது. அந்த நாலு பேருக்கும் அந்த நூலை வாங்கிக் கொடுத்தது நீ. நீ எறிந்தாய். அம்மா அதிலிருந்து கற்றுக்கொண்டாள். எழுபத்தோரு வயதில் ஒருத்தி தன் வேலையை மாற்றிக்கொண்டாள் என்றால் அது சின்ன விஷயமா? அவளைப் பற்றிச் சொல்ல வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் நான் இதைச் சொல்வேன்.

ஆனால் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். மேடையில் இதைச் சொல்லட்டுமா, வேண்டாமா? பெயர் சொல்ல மாட்டேன். பதில் எழுது.

உன்
அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பூனைக்குட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என் கடிதத்தில் இருந்ததை வாயால் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள், "அப்ப பாட்டிக்கு எம்மேல கோவமே இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. "உம்மேல எதுக்குடி கோவம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்த எல்லாப் பிள்ளைக்கும் செஞ்சாங்க. எனக்கு மட்டும் செய்யல. நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன்னு நெனச்சேம்மா. கேக்கப் பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷம் நான் என் குற்றத்தை மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தூக்கிச் சுமந்தது இந்தப் பிள்ளை.

கழுத்து வரை பட்டன் போட்டே வளர்ந்தவள் அவள். அது தழும்பை மறைக்க என்று இருந்தேன். இனி எது எதற்காக என்று நானாக முடிவு செய்ய மாட்டேன். கேட்கப் போகிறேன்.

மேடையில் நீ அதைச் சொல்ல வேண்டாம் அக்கா. நான் சொல்கிறேன். உன் அஞ்சு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் எனக்குக் கொடு. பெயரோடு சொல்வேன். பூனைக்குட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி வண்டியில் மூவரும் புறப்படுகிறோம்.

உன் முதல் பிள்ளை
சிட்டு

ஜூலை 30

என் சிட்டுவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தேன். நடக்கச் சொன்னார். அதைச் சொல்ல ஒரு டாக்டரா!

நான் அஞ்சு நிமிஷத்துக்குப் பதில் பத்தொன்பது நிமிஷம் பேசியதாக உன் அத்தான் இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். டாக்டரம்மா இருமிய இருமலுக்கு அவரையே வார்டில் படுக்க வைத்திருக்கலாமாம். பரவாயில்லை. நீ பேசிய இரண்டு நிமிஷத்தில் யாரும் இருமவில்லை. கீழே இறங்கி வந்த உன்னைப் பூனைக்குட்டி பிடித்துக்கொண்டபோது நான் அழவில்லை என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

அன்றைக்கு வார்டு சிஸ்டர், "இனிமே யாரு செய்வாங்க?" என்றதும் "நான்" என்று நீ வாயை விட்டாயே, அந்த முதல் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு கால் கொஞ்சம் நீளம். மற்றபடி அம்மா பார்த்தால் குறை சொல்லமாட்டாள். தழும்பு போடாமல் விட்டு, சிவப்பு நூலைத் தனியே சுற்றி வைத்திருந்தாய். சரியான காரியம்.

எடுத்துக்கொண்டு ஆறாம் படுக்கைக்குப் போனேன். எட்டு வயதுப் பெண், வயிற்றில் ஆபரேஷன். பக்கத்தில் அவள் அம்மா. "தழும்பு போடட்டுமா, வேணாமா?" என்றேன். அந்தத் தாய் மகளைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அம்மா யாரையும் கேட்காமல் தைத்தாள். பிறகு பெற்றவர்களைக் கேட்டாள். படுத்திருக்கிறவளை இதுவரை யாரும் கேட்கவில்லையே! இது நம் அம்மாவுக்கும் தோன்றவில்லை, இவ்வளவு படித்த உனக்கும் தோன்றவில்லை. அஞ்சாம் வகுப்புக்குத் தோன்றியது. இதை உன் பள்ளிக்கூடத்தில் சொல்.

"நீ சொல்லு கண்ணு. போடட்டுமா?"

யோசித்தாள். "போடுங்க. ஆனா என்னுதைவிடப் பெருசா இருக்கக் கூடாது."

உனக்குத் திருப்பி அனுப்பி வாங்க நேரம் இல்லை, பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறது. அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நானே ஊசியை எடுத்தேன். என் தையல் உனக்குத் தெரியும். ஆறு குத்து குத்தினேன், ஆறும் ஆறு திசை. "கோணலாப் போச்சே கண்ணு" என்றேன்.

அவள் சட்டையைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள்.

"அதனால என்ன பாட்டி," என்றாள், "என்னுதும் கோணல்தான்."

அக்கா